பழைய மஸில் கார் வாங்கும் முன் தரையில் படுத்துப் பாருங்கள்

நான் முதன்முதலில் பார்க்கப் போன 1969 கமாரோ கோயில் தேர் மாதிரி நின்றுகொண்டிருந்தது. சிவப்புப் பெயின்ட், முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. விற்பவர் ஸ்டார்ட் செய்து இரண்டு முறை உறுமவிட்டார், எனக்கு அங்கேயே செக் புத்தகத்தை எடுத்துவிடலாம் போலிருந்தது. கூட வந்த நண்பர் எதுவும் பேசாமல் ஓர் அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, டார்ச்சோடு காருக்கு அடியில் போனார். ஐந்து நிமிடம் கழித்து வெளியே வந்து தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கீழ தகரமே இல்லப்பா. டிரைவர் காலுக்கு அடியில ரோட்டோர ஸ்டாப் போர்டை வெட்டி ரிவெட் அடிச்சு வச்சிருக்கான். எழுத்துகூடத் தெரியுது."

அதை வாங்கவில்லை. எட்டு மாதம் கழித்து அரிசோனாவிலிருந்து ஒரு 1970 செவர்லே செவெல் மாலிபு வாங்கினேன். வெயிலில் வெளுத்துப்போன பச்சை, டேஷ்போர்டு வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது, எஞ்சின் ஓடவேயில்லை. ஆனால் அடித்தகரத்தைத் தட்டினால் கணீர் என்றது. அதை மிச்சிகனில் என் வீட்டு கராஜில் வைத்துக்கொண்டு கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் தொழில்முறை மெக்கானிக் கிடையாது, சனிக்கிழமை மெக்கானிக்.

மஸில் கார் என்றால், நடுத்தர அளவுக் காரில் பெரிய எஞ்சின் வைத்த அந்தக் கால அமெரிக்க வேகக் கார். அது வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1964-ல் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது: நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. பான்டியாக் பிரிவில் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டெலோரியனும் அவர் ஆட்களும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தனி மாடலாக விட்டால்தானே கேள்வி வரும் என்று, டெம்பஸ்ட் காருக்கு 300 டாலருக்கும் குறைவான ஒரு 'ஆப்ஷன்' என்ற பெயரில் பெரிய காரின் 389 கன அங்குல (6.4 லிட்டர்) எஞ்சினைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதுதான் ஜிடிஓ. முதல் வருடமே 32,450 கார்கள் போயின. அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பிளிமத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர், செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட், செவெலின் வேகமான ரகம்) என்று வரிசையாக வந்தன. பத்து வருடம்கூட அந்த ஆட்டம் நீடிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தை ஏற்றினார்கள், புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து கதையை முடித்தது.

எந்தக் காரை எடுப்பது?

கனவில் வரும் காரை முதல் காராக எடுக்காதீர்கள். 426 ஹெமி எஞ்சின் (இனி வரும் எஞ்சின் எண்கள் எல்லாம் கன அங்குலம்) வைத்த பிளிமத் குடா எல்லாம் ஏலத்தில் கோடீஸ்வரர்கள் கையைத் தூக்கும் சரக்கு. முதல் காருக்கு ஒரே தகுதி போதும்: பாகங்கள் சுலபமாகக் கிடைக்க வேண்டும். அந்த வகையில் ஃபோர்டு முஸ்டாங்கை அடிக்க ஆளில்லை. 1964 ஏப்ரலில் வந்து, 1966 மார்ச்சுக்குள் பத்து லட்சத்தைத் தொட்ட கார் அது. இன்றைக்கும் அதன் ஒவ்வொரு ஸ்க்ரூவும் புதிதாகச் செய்து விற்கப்படுகிறது, முழு பாடியே புதிதாகக் கிடைக்கிறது. நுணுக்கம் பார்ப்பவர்கள் அதை மஸில் கார் என்று சொல்ல மாட்டார்கள், 'போனி கார்' என்பார்கள், அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். 289 அல்லது 302 எஞ்சின் போட்ட சாதாரண முஸ்டாங், 350 போட்ட செவர்லே நோவா அல்லது மாலிபு, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1971 வரை எஞ்சினைத் தனியாக ஸ்டாண்டில் வைத்து அளந்த எண்ணை விளம்பரத்தில் போட்டார்கள். 1972 முதல் ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் மாட்டிய நிலையில் அளந்தார்கள். செவெலின் 454 எஞ்சின் காகிதத்தில் 365-லிருந்து 270-க்கு இறங்கியது பெரும்பாலும் இந்தக் கணக்கு மாற்றத்தால்தான். அதனால் 1972 கார் என்றால் 'சவசவ' என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

துரு, துரு, துரு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எஞ்சின் போனால் மாற்றலாம். 350 எஞ்சின் இங்கே எங்கும் கிடைக்கும், பிரித்துக் கோக்கவும் ஆள் இருக்கிறது. கியர் பாக்ஸும் அப்படித்தான். தகரம் போனால்தான் பணம் தண்ணீராய் ஓடும், ஏனென்றால் டிங்கரிங் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி, அந்த மணி எங்கே முடியும் என்று செய்பவருக்கே தெரியாது. மிச்சிகன், ஒஹாயோ பக்கம் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள், அந்த உப்பு ஐம்பது வருடம் தகரத்தைத் தின்றிருக்கும். அதனால்தான் அரிசோனா, தெற்கு கலிஃபோர்னியா கார்களுக்கு மவுசு. அங்கே சீட், டேஷ், ரப்பர் எல்லாம் காய்ந்து பொடியாகியிருக்கும், பரவாயில்லை, அதெல்லாம் பெட்டியில் போட்டுத் தபாலில் வரும் சாமான்.

பார்க்கப் போகும்போது பழைய உடை, டார்ச், ஒரு சின்னக் காந்தம் (ஃபிரிட்ஜில் ஒட்டுகிறோமே, அது போதும், அதன் மேல் மெல்லிய துணி சுற்றிக்கொள்ளுங்கள், பெயின்ட்டில் கீறல் விழுந்தால் விற்பவர் முகம் மாறிவிடும்). சக்கர வளைவுகள், கதவின் அடிப்பகுதி, பின்சக்கரத்துக்குப் பின்னால் பம்பர் வரை உள்ள தகரம், இங்கெல்லாம் காந்தத்தை வைத்துக்கொண்டே வாருங்கள். ஒட்டாமல் நழுவி விழும் இடத்தில் பெயின்ட்டுக்குக் கீழே பட்டிதான் (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) இருக்கிறது. கொஞ்சம் பட்டி எல்லாக் காரிலும் இருக்கும். ஓர் அங்குலத் தடிமனுக்கு இருந்தால் அது கார் கிடையாது, சிற்பம்.

ஒவ்வொரு காருக்கும் அழுகும் இடம் வேறு. முஸ்டாங்கில் கண்ணாடிக்கு முன்னால் காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கிறதே, அதற்குக் கீழே உள்ள தகரம் ஓட்டையாகி மழைத்தண்ணீர் நேராகக் கால்மிதியில் இறங்கும். விற்பவரிடம் கேட்டுவிட்டு ஒரு செம்பு தண்ணீரை அதில் மெதுவாக ஊற்றி, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். அவர் மறுத்தால் அதுவே பதில். செவெல், ஜிடிஓ மாதிரி கார்களில் பின்கண்ணாடியின் கீழ் ஓரம் அரித்து டிக்கிக்குள் தண்ணீர் தேங்கும், கூரையில் வினைல் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம், அந்த வினைலுக்கு அடியில் ஈரம் உட்கார்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பின்சக்கரத்தை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போனால் கையை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். பிளிமத், டாட்ஜ் கார்களுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதில் இருக்கும் டார்ஷன் பார் என்ற கம்பியைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள், அது அழுகியிருந்தால் காரை ஓட்டிக் கொண்டுபோகவே கூடாது.

எண்களும் காகிதமும்

மாலிபுவை எஸ்எஸ் ஆக்க என்ன வேண்டும்? இரண்டு பேட்ஜ், ஒரு கிரில், பானெட்டில் இரண்டு பட்டை. அதனால் 'ஒரிஜினல் எஸ்எஸ்' என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரின் அடையாள எண்ணைப் (விஐஎன்) படியுங்கள். 1968 முதல் செவர்லேயில் அது டேஷ்போர்டின் மேல், டிரைவர் பக்கம், கண்ணாடி வழியாகத் தெரியும். அப்போது 17 இலக்கம் கிடையாது, 13 தான். என் காரில் 13637 என்று ஆரம்பிக்கிறது: 1 என்றால் செவர்லே, 36 என்றால் வி8 மாலிபு, 37 என்றால் இரண்டு கதவு ஹார்ட்டாப். அடுத்த எண் வருடம், அதற்கடுத்த எழுத்து தொழிற்சாலை. 1966 முதல் 1968 வரை எஸ்எஸ் 396 தனி வரிசை, எண் 138 என்று தொடங்கும், எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1969-லிருந்து எஸ்எஸ் வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது, எண் எதுவும் சொல்லாது. என்னென்ன போட்டுச் செய்தார்கள் என்று தொழிற்சாலையில் எழுதி ஒட்டிய பில்ட் ஷீட் பெட்ரோல் டாங்க் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். பான்டியாக்கிலும் இதே கதைதான், தலைகீழாக: 1964, 1965 ஜிடிஓவை எண்ணால் நிரூபிக்க முடியாது, 1966 முதல் 1971 வரை 242 என்று வரும். பான்டியாக்குக்கு பிஎச்எஸ் ஆவணம், 1967 முதலான ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று பணம் கட்டினால் பழைய பதிவேட்டிலிருந்து விவரம் அனுப்புவார்கள். பெரிய தொகை கொடுக்கும் முன் இந்தச் சின்னத் தொகையைக் கொடுங்கள்.

'நம்பர்ஸ் மேட்சிங்' என்பது எஞ்சின் பிளாக்கில் அடித்த எண் காரின் எண்ணோடு ஒத்துப்போவது. விற்கும்போது பெரிய வித்தியாசம், ஓட்டும்போது ஒரு வித்தியாசமும் இல்லை. ஓட்டுவதற்கு என்றால் ஒத்துப்போகாத காரையே தேடி எடுங்கள், விலையும் குறையும், மனசும் லேசாக இருக்கும். டைட்டில் காகிதத்தில் (உரிமைப் பத்திரம்) உள்ள எண்ணும் டேஷ்போர்டுத் தகட்டில் உள்ள எண்ணும் மட்டும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். தகட்டின் ரிவெட் நோண்டியது போலிருந்தால் பேச்சே வேண்டாம், எண் தகட்டை மாற்றுவது இங்கே ஃபெடரல் குற்றம்.

வீட்டுக்கு வந்ததும்

சாவியைத் திருகாதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். வருடக்கணக்கில் தூங்கிய எஞ்சினை செல்ஃப் அடித்து எழுப்பினால் சிலிண்டரில் கீறல் விழலாம், பிஸ்டன் ரிங் உடையலாம். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் முன்னால் கிராங்க் போல்ட்டில் நீளமான பாரை மாட்டிக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதி வேலை முடிந்தது. எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். டாங்கில் இருக்கும் பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அதைத் தொடவே வேண்டாம், ஒரு சின்ன கேனில் புது பெட்ரோல் வைத்து அங்கிருந்து ஹோஸ் கொடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அந்தக் கால ரப்பரை அது மென்றுவிடும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் ஒரு நிமிடம்கூடப் போகாதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் நான்கு வாங்குங்கள்.

எஞ்சின் ஓடிவிட்டது என்று ரோட்டுக்குப் போய்விடாதீர்கள், முதலில் பிரேக். 1967 மாடலுக்கு முந்தைய கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை, எங்காவது ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டுவது அதிக செலவில்லாத வேலை. குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது போடுங்கள். பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், காற்றடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து மூடிய பையில் போடுங்கள். என் காரில் நான்கும் டிரம் பிரேக். முன்பக்கம் டிஸ்க் மாற்றினேன், ஒரிஜினல் பிரியர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், முன்னால் போகிற புது டொயோட்டா சடாரென்று நிற்கும்போது அவர்கள் என் சீட்டில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

இரண்டு வார இறுதியைத் தின்ற ஐந்தும் ஏழும்

இது என் முட்டாள்தனம், சொல்லியே ஆக வேண்டும். பழைய பிளக் ஒயர்களை மாற்றினேன். ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் நடுங்குகிறது, கார்ப்புரேட்டர் வழியாக டப் டப் என்று தும்முகிறது. கார்ப்புரேட்டர்தான் என்று முடிவுகட்டி, கழற்றி, ஊறவைத்து, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன். அதே தும்மல். மறுவாரம் திரும்பக் கழற்றினேன். கடைசியில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர், ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காபிக் கோப்பையோடு வந்து நின்று, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைச் சுற்றி விரலை ஓட்டி முணுமுணுத்தார்: ஒன்று, எட்டு, நான்கு, மூன்று, ஆறு... விரல் நின்றது. செவர்லே வி8 எஞ்சினின் வெடி வரிசை 1-8-4-3-6-5-7-2. நான் ஐந்தையும் ஏழையும் மாற்றிச் சொருகியிருந்தேன். இரண்டும் டிரைவர் பக்கம் பின்னால் அடுத்தடுத்து இருக்கும் சிலிண்டர்கள், வரிசையிலும் அடுத்தடுத்து வரும், கை தவறுவதற்கென்றே செய்தது போல. இரண்டு ஒயரை இடம் மாற்றினார். எஞ்சின் பூனை மாதிரி ஆனது. கார்ப்புரேட்டர் கோளாறு என்று தோன்றும்போதெல்லாம் முதலில் மின்சாரப் பக்கம் பாருங்கள்.

அவரே பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். இந்த எஞ்சினின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஒரு குட்டி ஜன்னல் உண்டு. அதைத் தூக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆலன் கீயை உள்ளே விட்டு வலப்பக்கம் மெதுவாகத் திருக வேண்டும். ஒரு கட்டத்தில் எஞ்சின் தடுமாறும். அங்கிருந்து அரைச் சுற்று திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான். துல்லியமாக வேண்டுமென்றால் பாயின்ட் மூடியிருக்கும் கோணத்தைக் காட்டும் ட்வெல் மீட்டர் மாட்டி 30 டிகிரி பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் பிரித்துப் போடாதீர்கள்

புதியவர்களிடம் நான் சண்டை போடும் விஷயம் இது. சில பேர் கார் வந்த முதல் மாதமே நட்டு போல்ட் வரை கழற்றி, சேஸிஸைத் தனியாக எடுத்து, எல்லாவற்றையும் ஷோரூம் நிலைக்குக் கொண்டுவருவேன் என்று ஆரம்பிப்பார்கள். மூன்று வருடம் கழித்து விளம்பரம் வரும்: '90 சதவீதம் முடிந்தது, பாகங்கள் எல்லாம் பெட்டியில் உள்ளன.' நடுவில் குழந்தை பிறந்திருக்கும், வேலை மாறியிருக்கும், எந்த போல்ட் எங்கே என்பது மறந்திருக்கும். ஓட்டிக்கொண்டே சரிசெய்யுங்கள். இந்தக் குளிர்காலத்துக்கு முன்சஸ்பென்ஷன், அடுத்த குளிர்காலத்துக்கு சீட்டும் கார்ப்பெட்டும். வசந்தம் வந்தால் கார் ரோட்டில் இருக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் முதலில் போட்டோ எடுத்து, ஜிப் பையில் போட்டு, மேலே பேனாவால் எழுதுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நினைத்த எதுவும் எனக்கு ஞாபகம் இருந்ததில்லை.

செலவுக்குக் கணக்கு எழுதி, அதை இரண்டால் பெருக்குங்கள். பெயின்ட்டும் குரோம் முலாமும்தான் பெரிய குழி. பெயின்ட்டைக் கடைசியில் வையுங்கள், வீட்டில் அடிக்க முயலாதீர்கள். இரண்டு டப்பா கலந்து அடிக்கும் யூரித்தேன் பெயின்ட்டில் ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது, வெளியிலிருந்து காற்று வரும் முகக்கவசம் வேண்டும். பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது வரும் தூசியில் ஈயம் இருக்கலாம், அதே உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள்.

எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கோத்தால் ஒரு விஷயம். வால்வுகளைத் திறக்கும் அந்தக் கால கேம் ஷாஃப்ட்டுக்கு துத்தநாகச் சேர்மானம் அதிகமுள்ள ஆயில் வேண்டும், இப்போதைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். புது கேம் போட்டு முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2000, 2500 ஆர்பிஎம்மில் இருபது முப்பது நிமிடம் ஓட்ட வேண்டும். விட்டால் கேம் தேய்ந்து, ஆரம்பத்திலிருந்து மறுபடியும். ஹெட்டைக் கழற்றும்போதே கெட்டிப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுங்கள், ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த எஞ்சின் அது, அந்தப் பெட்ரோலைச் சாலை வாகனங்களுக்கு விற்பதே 1996-லிருந்து இங்கே தடை.

வைத்துக்கொள்வது எப்படி

இன்சூரன்ஸில் 'அக்ரீட் வேல்யூ' என்று இருக்க வேண்டும். சாதாரண பாலிசியில் ஐம்பது வருடக் கார் என்றால் தேய்மானம் போக மிச்சம் எவ்வளவு என்று பேச ஆரம்பிப்பார்கள். ஹேகர்ட்டி மாதிரி பழைய கார்களுக்கென்றே இருக்கும் நிறுவனங்கள் முன்கூட்டியே தொகையைப் பேசி முடித்துவிடும், பதிலுக்குக் காரைப் பூட்டிய கராஜில் வைக்க வேண்டும், தினசரி ஓட்ட வேறு கார் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். குடியிருப்போர் சங்க விதிகளையும் படித்துவிடுங்கள். ஓடாத காரை வாசலில் நிறுத்தினால் கடிதம் அனுப்பும் சங்கங்கள் நிறைய. பெட்ரோல் வாடை வீட்டுக்குள் வரும், அதற்கு வீட்டில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்துக்கு முன் டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, பேட்டரிக்கு மெயின்டெய்னர் மாட்டி, எலி வராமல் சைலன்சர் குழாயை அடைத்து வையுங்கள். வசந்தத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் அடைப்பை எடுக்க மறக்காமலிருக்க நான் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுகிறேன்.

பாகங்களுக்கு கேட்டலாக் கடைகள் உண்டு என்றாலும் ஒருமுறையாவது பென்சில்வேனியாவில் கார்லைல், ஹெர்ஷி சந்தைகளுக்குப் போய்வாருங்கள். நம் ஊர் வாரச்சந்தையேதான், கத்தரிக்காய்க்குப் பதில் கார்ப்புரேட்டர். கையில் ரொக்கம், காரின் பாக எண் எழுதிய சீட்டு, அளக்கும் டேப். மழை வந்தால் சேறு, மாலையானால் விலை இறங்கும், கனமான சாமானைத் திரும்ப ஏற்ற யாருக்கும் மனசு வராது.

அப்புறம் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட்டின் வுட்வர்ட் சாலை. 1995-லிருந்து நடக்கும் ட்ரீம் குரூஸ், ஃபெர்ன்டேல் முதல் பான்டியாக் ஊர் வரை மைல் கணக்கில் பழைய கார்கள் ஊர்ந்து போகும். வேடிக்கை பார்க்க நல்ல நாள், ஓட்டுவதற்கு ரேடியேட்டர் நன்றாக இருக்க வேண்டும். போன வருடம் நானூறு அடியை அரை மணி நேரத்தில் கடந்தோம், என் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது, ஜன்னலை இறக்கி ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டேன், அந்த வெயிலில். எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கியது. பின்சீட்டில் ஊரிலிருந்து வந்திருந்த அப்பா வேர்த்து ஒழுக உட்கார்ந்துகொண்டு, "இந்தக் காசுக்கு ஏசி வச்ச வண்டி ரெண்டு வாங்கியிருக்கலாமேடா" என்றார். நிழலாக ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தேன். ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாத நான்கு பேர் சுற்றி நின்று ஃபேன் கிளட்சைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள், அப்பா அவர்களில் ஒருவரிடம் சைகையிலேயே டார்ச்சைக் கேட்டு வாங்கி, குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.